வாசலுக்கு வெளியே நின்றவள்

அத்தியாயம் பதினேழு

"ஏட்டா, ஞாயித்துக்கிழமைச் செய்திகள். வாசிக்கறது வத்ஸலா."

அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்தது. வத்ஸலா போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, இடது கையால் கடலைக் கறியைக் கிளறினாள். வாராவாரம் இப்படித்தான். ஒற்றப்பாலத்தில் இருக்கும் அண்ணன் பாஸ்கரனுக்குத் தன் கைவேலைகளின் நிலவரத்தைப் பேசி அனுப்பாமல் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது.

"முதல்ல ஜன்னல் திரை. பாதி பின்னியாச்சு. மீதிப் பாதி வழியா பக்கத்து வீட்டு ஜானகி என் சமையலை எட்டிப் பாக்கறா. நூல் தீந்துபோச்சு, அதே வெள்ளை திருச்சூர்ல எங்கயும் கிடைக்கல. அடுத்து சுவர்ச் சித்திரம். கிருஷ்ணனுக்கு இன்னும் கண் வைக்கல. ஒரு வருஷமா குருடனாவே குழல் ஊதறான், பாவம். அப்புறம் அந்த மைதா ரொட்டி. அதைப் பத்திப் பேச வேண்டாம், நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

தானே சிரித்துக்கொண்டாள்.

"கடைசியா முக்கியச் செய்தி. இன்னிக்கு மூணு மணிக்கு செண்டை மேளம் அரங்கேற்றம். ஆசான் என்னை முதல் வரிசையில நிறுத்தியிருக்கார். ஏட்டன் வரலேன்னாலும் வருத்தமில்ல, இந்த வெயில்ல வரவும் கூடாது. வீடியோ அனுப்பறேன். மாத்திரையை முழுங்கிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு, முழுசாப் பாக்கணும். பாதியில தூங்கினா எனக்குத் தெரியும். செய்திகள் முடிந்தன."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தவள், கதவருகில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி குடிக்க வந்தேன்," என்றாள் ஹரிதா.

தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிப் போனாள். பாஸ்கரன் செத்துப்போய் அப்போது நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

இதுவரை வந்த வாசகர்களுக்கு வத்ஸலாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும்: இந்தப் பெண்பிள்ளை எதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்தும்படி ஏதாவது ஒன்று வந்து தொலையும். தையல் வகுப்பு மாமியார் படுத்ததோடு போயிற்று. வீணை, கணவன் கோவிந்தன்குட்டிக்கு மாற்றல் வந்ததோடு போயிற்று. போன வருஷம் சுவர்ச் சித்திரம். கண் வரைய வேண்டிய வாரத்தில்தான் ஹரிதா புருஷன் வேணுவை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். தூரிகையைக் கழுவி வைத்தவள் அப்புறம் எடுக்கவில்லை.

செண்டைதான் முதல் முறையாகக் கடைசி வரை வந்தது. பத்து மாதம் கருங்கல் மேல் புளியங்கட்டையால் அடித்து அடித்து உள்ளங்கை வெடித்து, அதில் தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி அடித்து வந்தவள் அவள். ஐம்பத்தாறு வயசில் இந்தக் கூத்தெல்லாம் வேண்டுமா என்று கேட்காத உறவு இல்லை. தோள் எலும்பு தேய்ந்திருக்கிறது, இந்த உற்சவத்தோடு செண்டையை இறக்கி வைத்துவிட வேண்டும் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. அதனால் இன்று விட்டால் பிறகு கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

விடியற்காலையில் பாஸ்கரனின் மகன் பிரமோத் ஹரிதாவைத்தான் முதலில் அழைத்து, அத்தையிடம் நீயே பக்குவமாகச் சொல் என்றான். அவள் அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். கோவிந்தன்குட்டி பாதி இழுத்த வாளிக் கயிற்றைப் பிடித்தபடி கேட்டார்.

"எப்போ எடுக்கறாங்க?"

"சாயந்திரம் அஞ்சு மணிக்காம். பம்பாயிலேருந்து அவர் மக ராதிகா சேச்சி வரணும். தெக்குப் பக்கத்து மாமரத்தைச் சிதைக்கு வெட்ட ஆரம்பிச்சாச்சாம்."

"மேளம் மூணு மணிக்கு. முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

"முடியறப்போ பாக்கறதுக்கு முகம் இருக்காது அச்சா. இப்பவே சொல்லிடலாம்."

"போய்ச் சொல்லு. சொல்லிட்டு அந்தச் செண்டையையும் நீயே தூக்கி மூலையில வை. அவ அழுதுட்டு எழுந்து வருவா, பழையபடி சமைப்பா, துவைப்பா. கேட்டா, எனக்குக் கொடுப்பினை இல்லேன்னு சொல்லுவா. எத்தனை தடவை பாத்தாச்சு."

கண்ணில்லாத கிருஷ்ணன் கூடத்துச் சுவரில் தினம் ஹரிதாவைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அம்மாவுக்கு நின்றுபோன காரியங்களில் ஒன்று தன் கணக்கு. இதையும் தன் வாயாலேயே நிறுத்துவதா?

ஆனால் அவளுக்கு அப்பாவையும் தெரியும். தாய்மாமன் பாஸ்கர அம்மாவனும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் மூன்று வருஷம் ஆகிறது. அவள் கல்யாண நிச்சயத்தன்று அம்மாவன் பந்தலில் எல்லோர் முன்னாலும், "கோவிந்தன்குட்டி, இந்தப் பையன் சரியில்ல, அவசரப்படாதே" என்றார். அப்பா அவரைப் பந்தலை விட்டு இறங்கச் சொன்னார். அம்மாவன் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்க அப்பாவுக்கு எந்த முகம் இருக்கிறது? மேளம் ஒரு சாக்காகவும் இருக்கலாம் என்று ஹரிதா நினைத்தாள். மனிதர் கெட்டவர் இல்லை, கோழை. என்னைக் கேட்டால் குடும்பத்துக்குள் கோழைத்தனம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது.

"தீட்டு வந்துடுச்சே அச்சா. அம்மா அம்பலத்துக்குள்ள எப்படிப் போக முடியும்?"

"தெரியாதவளுக்குத் தீட்டு ஏது? காதுல விழுந்தாத்தான் தீட்டு. எனக்குக் கிடையாது, நான் வேற தறவாடு, வேற குடும்பம். உனக்குத்தான் உண்டு, நம்மள்ல பிள்ளைங்க தாய்வழி, அவர் உன் அம்மாவன். நீ வெளியில நின்னுக்கோ."

"அம்மா கேப்பாளே."

"பொம்பளைங்க சமாச்சாரம்னு சொல்லு."

"போன வாரம் ஒத்திகைக்கு அதைச் சொல்லித்தான் வெளியில உக்காந்திருந்தேன். அம்மாதான் கடையில எல்லாம் வாங்கிட்டு வந்தா."

கோவிந்தன்குட்டி இதை எதிர்பார்க்கவில்லை. கயிற்றை விட்டார். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது.

"அப்ப உள்ளதான் வாயேன். நீ எந்தச் சாமியைக் கும்பிடறே? பெங்களூர்ல நீ என்னென்ன தின்னேன்னு எனக்குத் தெரியாதா? யார் வந்து உன் நெத்தியில எழுதி வெச்சிருக்குன்னு பாக்கப் போறாங்க?"

அது பேச்சுக்குச் சரிதான். ஹரிதாவும் சரி என்றாள்.

மத்தியானம் பகவதி கோயிலின் அன்னதானக் கூடமான ஊட்டுப்புரையில் அரங்கேறுகிறவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒரு வங்கி மேனேஜர், இரண்டு ஆட்டோக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர், பெண்களில் வத்ஸலாவோடு சேர்த்து நாலு பேர். மேனேஜர் இதோடு மூன்றாவது தடவை மூத்திரம் போய்விட்டு வந்திருந்தார்.

"சாருக்கு லோன் கேக்கறவங்க நிலைமை இன்னிக்குத்தான் புரியுது போல," என்றான் ஆட்டோக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

வத்ஸலா கசவு முண்டு உடுத்து, தோளில் செண்டை வார் உறுத்தாமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஹரிதா பின்னால் நின்று ஊசி குத்தினாள். எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த தலை, கழுத்தில் வேர்வை, அந்த வேர்வையின் வாசனை. இப்போது சொன்னால் கார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒற்றப்பாலம் போய்விடும்.

"அம்மா."

"ம்?"

"ஒண்ணு சொல்லணும்."

"வேணு திரும்பவும் போன் பண்ணானா? காலையிலேருந்து உன் மூஞ்சியே சரியில்ல. இன்னிக்கு அந்தப் பேச்சு வேண்டாம் மோளே. நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் அழலாம், நானும் கூட உக்காந்து அழறேன். இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் குடு."

ஹரிதா ஊசியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இந்தா, போனை நீ வெச்சுக்கோ. இதுலதான் படம் நல்லா வரும். ஏட்டன் காலையில அனுப்பினதைக் கேட்டுட்டாரா பாரு."

"இன்னும் கேக்கலம்மா."

"தூங்கறாராயிருக்கும். ராத்திரியெல்லாம் ஒரே இருமல்னு சொன்னார். தூங்கட்டும்."

தூங்கட்டும் என்று வத்ஸலா இன்னொரு தடவையும் சொன்னாள். ஹரிதாவுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மூன்று மணிக்கு வெடி போட்டார்கள். அரங்கேறுகிறவர்கள் ஒவ்வொருவராக ஆசானுக்கு வெற்றிலையில் தட்சிணை வைத்துக் காலைத் தொட்டு, கோலை வாங்கிக்கொண்டு மதில் வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். ஊரே பின்னால் போயிற்று. கோவிந்தன்குட்டி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலைக் கடக்கும்போது மகளைத் திரும்பிப் பார்த்து, வா என்று தலையை ஆட்டினார்.

ஹரிதா வந்தாள். வாசற்படி வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

பகவதி கண்ணைக் குத்திவிடுவாள் என்ற பயமெல்லாம் இல்லை. அவளுக்குச் சாமியும் இல்லை, தீட்டும் இல்லை. ஆனால் இந்தப் படியைத் தாண்டினால் அம்மாவன் சாகவில்லை என்று ஆகும். அல்லது செத்தவர் தனக்கு யாரும் இல்லை என்று ஆகும். பந்தலில் அவளுக்காக வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவமானப்பட்டு இறங்கிப் போனவரும் அவர்தான். இன்றைக்கு அவருக்காக அழ முடியாது, பூ வைக்க முடியாது, முகம் பார்க்க முடியாது. தீட்டுக் காப்பது ஒன்றுதான் அவளால் ஆகக்கூடியது. அதையும் விட்டுவிட்டால் அப்புறம் என்ன தங்கை மகள்?

அவள் படிக்கு வெளியே வெயிலில் நின்றபடியே போனைத் தூக்கிப் பிடித்தாள்.

இதுதான் அவள் செய்த பிழை. மனசு சரியாகத்தான் சொன்னது, கால் நின்ற இடம்தான் தப்பாகப் போயிற்று. ஆலமரத்துக்குப் பின்னால் போய் நின்றிருக்கலாம், காரில் போய் உட்கார்ந்திருக்கலாம். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் வாசலுக்கு நேர் எதிரில் நின்றாள்.

மேளம் தொடங்கிற்று. பஞ்சாரி மேளத்தின் முதல் காலம் மெதுவாக, யானை நடக்கிற மாதிரி போகும். காலத்துக்குக் காலம் வேகம் கூடி, ஐந்து காலம் கொட்டி முடிக்க இரண்டரை மணி நேரமாவது ஆகும். முதல் வரிசையில் வத்ஸலா வாசலைப் பார்த்து நின்றாள். மேனேஜருக்குத்தான் கை தடுமாறிற்று. வத்ஸலாவின் கோல் விழ வேண்டிய இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. போன மாதம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டுவாள். இன்று கடிக்கவில்லை. சிரிக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

இரண்டாம் காலத்துக்கு மாறும்போது கை கொஞ்சம் பழகிவிட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து கூட்டத்தில் மகளைத் தேடினாள். கணவர் தெரிந்தார். விளக்குத் தூண் பக்கம் வெறும் மார்போடு நின்று தாளத்துக்குக் கையை வீசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹரிதா இல்லை. கண் இன்னும் தள்ளி வந்தது. வாசல் வந்தது. படிக்கு வெளியே, நல்ல வெயிலில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள்.

போன வாரம் வெளியில் உட்கார்ந்தவள் இந்த வாரமும் ஏன் வெளியில்? இவள் வெளியில் என்றால் இவளுடைய அச்சன் எப்படி உள்ளே? அவருக்கு இல்லாத தீட்டு இவளுக்கு வந்திருக்கிறது என்றால், அது தாய்வழி. வத்ஸலாவின் பக்கம் மிஞ்சியிருந்தது ஒரே ஒருவர்.

அந்தக் கணக்கைப் போட எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் யோசனை வேண்டாம். போனின் சின்னத் திரையில் ஹரிதா அதைப் பார்த்தாள். அம்மாவின் வலது கை ஓங்கியபடி நின்றது. ஓர் அடி விட்டுப்போயிற்று. ஆசான் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

ஹரிதா போனை இறக்கினாள். அம்மா இறங்கி வருவாள் என்று நினைத்தாள். கார்ச் சாவி அப்பாவிடம் இருக்கிறது, ஓடிப் போய் யாரையாவது அனுப்பி வாங்க வேண்டும், இப்போது கிளம்பினால்கூட எடுப்பதற்குள் போய்விடலாம் என்றெல்லாம் மனசு ஓடியது. வா, வந்துவிடு என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

வத்ஸலா வாசலிலிருந்து கண்ணை எடுத்தாள். கோல் இறங்கிற்று. அடுத்த அடியும் இறங்கிற்று.

அதற்குப் பிறகு அவள் வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்றாம் காலம் போயிற்று, நாலாம் காலம் போயிற்று. தோளில் வார் இறங்கிய இடத்தில் துணி நனைந்தது. ஐந்தாம் காலத்தில் கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கி ஆர்ப்பரித்தது, ஆட்டோக்காரன் ஆனந்தத்தில் கத்தினான், வத்ஸலாவின் முகத்தில் கண்ணீர் தாரையாக ஓடிற்று. "பாத்தியா, பகவதி அவ மேல எறங்கிட்டா," என்று ஹரிதாவுக்குப் பக்கத்தில் பலூன் விற்றவள் சொன்னாள். ஹரிதாவுக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

கொட்டி முடிந்ததும் மற்றவர்கள் நடைக்கு முன்னால் விழுந்து கும்பிடப் போனார்கள். வத்ஸலா போகவில்லை. செண்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, யார் கூப்பிட்டதற்கும் திரும்பாமல், நேராக வாசலைத் தாண்டி மகளிடம் வந்தாள்.

"எப்போ?"

"விடியக்காலத்துல."

"எடுத்தாச்சா?"

"அஞ்சு மணிக்கு... இப்ப ஆயிருக்கும்மா."

வத்ஸலா தலையை ஆட்டினாள். கோவிந்தன்குட்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "வத்ஸலே, நான் உனக்காகத்தான். இதுவும் உனக்கு நின்னுடக் கூடாதேன்னுதான். இந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதே, எல்லாம் நான் பண்ணது."

"வண்டியை எடுங்க," என்றாள் வத்ஸலா.

ஷொர்ணூர்ப் பாலம் ஏறும்போது ஹரிதாதான் கேட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல? ரெண்டாம் காலத்துல. நான் பாத்தேன்."

"ஆமா."

"அப்பவே வந்திருந்தா அம்மாவனைப் பாத்திருக்கலாமேம்மா."

"பாத்திருக்கலாம்."

கோவிந்தன்குட்டி திரும்பி மனைவியைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தப் பழியைத் தான் ஒருவனே சுமப்பதாக நினைத்திருந்தார் பாவம்.

அவருடைய போன் அடித்தது. பாஸ்கரனின் மனைவி சுலோசனா. அவர் எடுக்கத் தயங்கினார். "லேட்டாத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிடறேன். பிரமோத்தை நான் சமாளிச்சுக்கறேன்," என்றார்.

வத்ஸலா போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"ஏட்டத்தி."

அந்தப் பக்கம் அழுகை இல்லை. அழுது முடிந்த குரல். காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. "கடைசி வரைக்கும் உன் பேருக்கு வாசல் பக்கத்துல இடம் விட்டு வெச்சிருந்தோம் வத்ஸலே. பிரமோத் கையில கொள்ளியோட நின்னான், இன்னும் கொஞ்சம் பாக்கலாம், அத்தை வந்துடுவான்னு. உனக்கு எப்போ தெரியும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு, எப்போ தெரியும்?"

ஹரிதா முன்னால் சாய்ந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள். வத்ஸலா அவள் கையை விலக்கினாள்.

"காலையிலயே தெரியும் ஏட்டத்தி."

பிறகு, "அப்ப இந்த முற்றத்துல கால் வைக்காதே," என்று மட்டும் கேட்டது. போன் அணைந்தது.

கோவிந்தன்குட்டி வண்டியை ஓரம் கட்டினார். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"ஏம்மா பொய் சொன்னே?" ஹரிதாவின் குரல் உடைந்துவிட்டது. "எங்களைக் காப்பாத்தவா? யார் கேட்டா உன்னை? நாங்க பண்ணின பாவம் அது."

வத்ஸலா வெடித்துப்போன உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"நீ காலையில சொல்லியிருந்தா நான் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியிருப்பேன்னு உங்க ரெண்டு பேருக்கும் நிச்சயம். அதனாலதானே சொல்லல. ரெண்டாம் காலத்துல தெரிஞ்சும் நின்னு கொட்டினேனே, எனக்கு அந்த நிச்சயம் இன்னிக்குப் போயிடுச்சு மோளே. வண்டியை எடுக்கச் சொல்லு."